சலவை அறையில் எழுதிய திகில்

திகில் கதை எழுத்தாளராக வேண்டும் என்று உழைக்கும் ஒருவருடைய நாளில் பெரும்பகுதி வேறு வேலைக்குப் போய்விடுகிறது. வயிற்றுப்பாட்டுக்கான உத்தியோகம், வீடு, குழந்தைகள், கடன் எல்லாம் போக மிஞ்சும் ஓரிரு மணி நேரமே எழுத்துக்குக் கிடைக்கும். எழுதியதைப் பத்திரிகைக்கு அனுப்புவது, பதிலுக்குக் காத்திருப்பது, திரும்பி வந்ததை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கதையைத் தொடங்குவது என்றே ஆண்டுகள் ஓடும். இந்த வாழ்க்கையை ஒளிவுமறைவில்லாமல் பதிவு செய்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங். இன்று உலகமெங்கும் வாசிக்கப்படும் அவர், 1970 முதல் 1973 வரை மெய்ன் மாநிலத்தில் பெயர் தெரியாத ஓர் இளைஞராகத்தான் எழுதிக்கொண்டிருந்தார். அந்த நாட்களை 2000-இல் வெளியான ‘ஆன் ரைட்டிங்’ என்ற நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய கதைகளில் வரும் பயங்கரத்தில் பாதி, அவர் கூலி வாங்கிய இடங்களிலேயே கிடைத்தது என்பது அந்த நாட்களைப் பின்தொடர்ந்தால் விளங்கும்.

ஆணியில் குத்திய கடிதங்கள்

கிங் பிறந்தது 1947 செப்டம்பர் 21-இல், மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரத்தில். அவருக்கு இரண்டு வயதாக இருந்தபோது தந்தை வீட்டை விட்டுப் போனவர், திரும்பி வரவே இல்லை. தாய் ரூத், சலவைக்கூடம், பேக்கரியின் இரவு ஷிப்ட், கடை என்று கிடைத்த வேலையைச் செய்து இரண்டு மகன்களையும் வளர்த்தார். சிறுவயதில் ஸ்டீபன் முயல் ஒன்றை நாயகனாக வைத்து நான்கு கதைகள் எழுதினார். தாய் கதைக்கு 25 சென்ட் வீதம் ஒரு டாலர் கொடுத்தார். எழுதி ஈட்டிய முதல் பணம் அதுதான்.

பன்னிரண்டு வயதை ஒட்டிய நாட்களில், உறவினர் வீட்டுப் பரணில் தந்தையின் பழைய பெட்டி ஒன்று கிடைத்தது. அதில் எச். பி. லவ்கிராப்ட் என்ற அமெரிக்கத் திகில் எழுத்தாளரின் கதைத் தொகுப்பும் இருந்தது. தந்தையும் கதைகள் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பிப் பார்த்தவர்தான், எதுவும் அச்சேறவில்லை என்பதைத் தாய் அப்போது சொன்னார். எந்தக் காரியத்திலும் நிலைத்து நிற்கும் சுபாவம் அவருக்கு இல்லை என்பதும் தாயின் கணிப்பு. மகன் வேறு மாதிரி இருந்தார்.

அக்காலத்தில் பத்திரிகைக்குக் கதை அனுப்புகிறவர் சுயவிலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறையையும் உடன் வைக்க வேண்டும். தமிழ் வார இதழ்களுக்குக் கதை அனுப்பியவர்களுக்கும் பழக்கமான முறை இது. பிரசுரத்துக்கு ஏற்கவில்லை என்றால் கதையோடு அச்சடித்த சிறு துண்டுச் சீட்டு ஒன்று அந்த உறையில் திரும்பி வரும். கிங் தன் அறைச் சுவரில் ஓர் ஆணி அடித்து, வந்த சீட்டுகளை எல்லாம் அதில் குத்தி வைத்தார். பதினான்கு வயதில் அந்த ஆணி பாரம் தாங்கவில்லை. அதைப் பிடுங்கிவிட்டு நீளமான பெரிய ஆணி ஒன்றை அடித்துவிட்டுத் தொடர்ந்து எழுதினார்.

எப்போதாவது ஒரு சீட்டில் ஆசிரியர் கைப்பட ஒரு வரி எழுதியிருப்பார். தாள்களைப் பின் அடித்து அனுப்பாதே, கிளிப் போட்டு அனுப்பு என்றது ஒரு பத்திரிகை. கதை மோசமில்லை, ஆனால் ஊதிப்போயிருக்கிறது, திருத்தி எழுதும்போது முதல் பிரதியில் பத்து சதவீதத்தைக் குறை என்றார் வேறொரு ஆசிரியர். இந்த இரண்டாவது யோசனையைக் கிங் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்தார். தனியாக எழுதிப் பழகும் ஒருவருக்குத் திருப்பி அனுப்பும் சீட்டே வாத்தியாராக இருந்த காலம் அது.

முதல் கதை விற்றது 1967-இல். ‘தி கிளாஸ் ஃப்ளோர்’ என்ற அந்தக் கதைக்கு ‘ஸ்டார்ட்லிங் மிஸ்டரி ஸ்டோரீஸ்’ என்ற இதழ் 35 டாலர் கொடுத்தது. அப்போது அவர் ஓரோனோவில் உள்ள மெய்ன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார்.

சலவை ஆலையில் பகல்

1970-இல் ஆங்கில இலக்கியப் பட்டமும் ஆசிரியர் தகுதியும் பெற்று வெளியே வந்த கிங்குக்கு உடனே பள்ளி வேலை கிடைக்கவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் பழக்கமான டபிதா ஸ்ப்ரூஸை 1971 ஜனவரியில் மணந்தார். டபிதாவும் எழுதுகிறவர், பின்னாளில் நாவலாசிரியராகப் பெயர் பெற்றவர். முதல் குழந்தை 1970-இலேயே பிறந்துவிட்டது. குடும்பத்தைக் காப்பாற்ற, பாங்கோர் நகரத்தில் இருந்த ஒரு சலவை ஆலையில் கிங் சேர்ந்தார். கூலி வாரத்துக்குச் சுமார் 60 டாலர்.

அந்த ஆலைக்கு மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளும் கடலோர உணவகங்களின் மேசைத் துணிகளும் மூட்டை மூட்டையாக வரும். கோடைக்காலத்தில், சிங்கி இறாலும் மட்டியும் பரிமாறிய மேசைகளின் துணிகள் வந்து சேர்வதற்குள் நாறி, புழு நெளியும். மருத்துவமனை விரிப்புகளில் ரத்தம் உறைந்திருக்கும். இவற்றை அள்ளி இயந்திரத்தில் போடுவதுதான் அவர் வேலை.

துவைத்த விரிப்புகளைத் தேய்த்து மடிக்க ‘மாங்கிள்’ என்றொரு பெரிய இயந்திரம் உண்டு. நீராவியில் சூடேறிய உருளைகள் ஈரத் துணியை உள்ளே இழுத்து, மறுபக்கம் உலர்ந்த மடிப்பாக வெளியே தள்ளும். துணியோடு விரல் போனால் கையும் போகும். கிங்கோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவருக்கு இரண்டு கையும் இல்லை. முன்பு மாங்கிளில் சிக்கிக் கைகளைப் பறிகொடுத்துக் கொக்கிகள் பொருத்திக்கொண்டவர் அவர். அந்த இயந்திரத்துக்குப் பேய் பிடித்து ஆட்களை விழுங்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்து பிறந்த கதை ‘தி மாங்க்ளர்’. 1972-இல் அது அச்சானது.

அதற்கு முந்தைய அனுபவமும் கதையாகியிருந்தது. பள்ளி இறுதி வகுப்பில் படித்தபோது கிங் ஊரிலிருந்த நெசவாலை ஒன்றில் வேலை செய்தார். ஆலையின் அடித்தளத்தை விடுமுறையில் சுத்தம் செய்யப் போனவர்கள், அங்கே பூனை அளவு எலிகளைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அந்த ஆலைத் தளத்தையும் எலிகளையும் வைத்து எழுதிய ‘கிரேவ்யார்ட் ஷிப்ட்’ 1970-இல் 200 டாலருக்கு விலைபோனது. மூன்று வாரக் கூலிக்கு மேலான தொகை அது.

கதை விற்ற இடம்

திகில் கதைகளுக்கென்றே இருந்த மலிவு விலைப் பத்திரிகைகள் அப்போது பெரும்பாலும் மறைந்துவிட்டன. 1923-இல் தொடங்கி லவ்கிராப்ட் உள்ளிட்ட பலரை வெளியிட்ட ‘வியர்ட் டேல்ஸ்’ 1954-இல் நின்றுபோனது. அந்த வெற்றிடத்தை நிரப்பியவை, கவர்ச்சிப் படங்களுக்காக விற்ற ஆண்கள் பத்திரிகைகள். படங்களுக்கு நடுவே சிறுகதைகளும் போடுவார்கள், ஓரளவு நல்ல பணமும் தருவார்கள். ‘கேவலியர்’ அவற்றில் ஒன்று. கிங்கின் ஆரம்பகாலக் கதைகள் பலவும் அதில்தான் வந்தன.

இந்தப் பணத்துக்கு நாள் நட்சத்திரம் கிடையாது. இரண்டு மாதம் எதுவும் வராது, பிறகு திடீரென்று ஒரு காசோலை வரும். வாடகை பாக்கி, கார் பழுது, டாக்டர் செலவு என்று அது வரும் முன்பே அதற்குக் கணக்கு இருக்கும். அரசு நிவாரணத்துக்குக் கையேந்தும் நிலைக்கும் தங்களுக்கும் நடுவே அந்தக் கதைகள்தான் நின்றன என்று கிங் பின்னாளில் எழுதினார்.

அப்படி ஒரு காசோலையின் கதையை அவரே சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாய் வீட்டுக்குப் போய்விட்டுக் குடும்பம் திரும்பி வந்தது. கைக்குழந்தைக்குக் காய்ச்சலும் காதில் சீழும். குழந்தைகளுக்குத் தரும் இளஞ்சிவப்பு நிற ஆன்டிபயாட்டிக் மருந்து வாங்க வேண்டும், கையில் காசில்லை. கதவருகே கிடந்த தபாலில் ‘கேவலியர்’ அனுப்பிய உறை இருந்தது. ‘சம்டைம்ஸ் தே கம் பேக்’ என்ற நீண்ட கதைக்காக 500 டாலர். அதுவரை அவர் எந்தக் கதைக்கும் வாங்காத தொகை. மருந்து வந்தது. அந்தக் கதையின் நாயகன் ஒரு பள்ளி ஆசிரியர், இறந்துபோன மாணவர்கள் அவருடைய வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். அதை எழுதியபோது கிங்கும் ஆசிரியராகியிருந்தார்.

பள்ளிக்கூடமும் டிரெய்லர் வீடும்

1971 இலையுதிர் காலத்தில் பாங்கோருக்கு அருகே ஹாம்டனில் இருந்த உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்தது. ஆண்டுச் சம்பளம் 6,400 டாலர். சலவை ஆலையோடு ஒப்பிட்டால் முன்னேற்றம்தான். ஆனால் எழுத்துக்கு இது வேறு விதமான சோதனையாக இருந்தது. ஆலை வேலை உடம்பை வாட்டியது, மனத்தைத் தொடவில்லை. பகல் முழுவதும் மாணவர்களோடு பேசி, இரவில் கட்டுரை நோட்டுகளைத் திருத்தியபின், கற்பனைக்கு மிஞ்சும் தெம்பு கொஞ்சம்தான். வெள்ளிக்கிழமை மாலைகளில் மூளை வற்றிப்போனது போலிருக்கும். முப்பது ஆண்டுகள் கழித்து, முழங்கையில் ஒட்டுப் போட்ட அதே கோட்டோடு, மேசை இழுப்பறையில் ஆறேழு முடியாத கையெழுத்துப் பிரதிகளோடு தான் நிற்கும் காட்சி அவர் கண்ணில் வந்து வந்து போனது. அந்தச் சோர்வில் குடிப்பழக்கமும் வளர்ந்தது. அதிலிருந்து மீள 1980-களின் இறுதிவரை ஆயிற்று.

குடும்பம் அப்போது பாங்கோரை ஒட்டிய ஹெர்மன் என்ற சிற்றூரில், வண்டியில் இழுத்து வந்து நிறுத்தும் டிரெய்லர் வீடு ஒன்றில் குடியிருந்தது. 1972-இல் இரண்டாவது குழந்தையும் பிறந்தது. கட்டணம் கட்ட முடியாததால் தொலைபேசியை எடுத்துவிட்டார்கள். டபிதா ஒரு டோனட் கடையில் மாலை ஷிப்ட் பார்த்தார். அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தைகள் கிங்கின் பொறுப்பு.

எழுதும் இடம் துணி துவைக்கும் அறை. வாஷிங் மெஷினுக்கும் உலர்த்தும் இயந்திரத்துக்கும் நடுவே இருந்த இடுக்கில் உட்கார்ந்து, ஒரு குழந்தையின் சிறு மேசையைத் தொடைமேல் நிறுத்தி, அதன்மீது டபிதாவின் ஒலிவெட்டி தட்டச்சுப் பொறியை வைத்து அடித்தார். இரவுகளும் வார விடுமுறைகளும்தான் எழுதும் நேரம்.

அந்த நேரத்தைக் காத்ததில் டபிதாவின் பங்கு பெரிது. பள்ளியில் விவாத மன்றத்தைக் கவனித்துக்கொண்டால் ஆண்டுக்கு 300 டாலர் கூடுதலாகத் தருவதாக ஒரு வாய்ப்பு வந்தது. அவர்கள் நிலையில் அது சிறு தொகை இல்லை. அதை ஏற்றால் எழுத நேரம் இருக்குமா என்று டபிதா கேட்டார். அதிகம் இருக்காது என்றார் கிங். அப்படியென்றால் அது வேண்டாம் என்று டபிதா முடிவு சொன்னார்.

எழுத்து வேலை நடக்கும் விதம்

திகில் கதைக்குக் கரு பெரும்பாலும் ‘இப்படி நடந்தால் என்ன ஆகும்’ என்ற கேள்வியாக வருகிறது. தெரிந்த இடம், தெரிந்த மனிதர்கள், நடுவில் நடக்கக்கூடாத ஒன்று. இடமும் மனிதர்களும் மெய்யாக இருந்தால்தான் நடக்கக்கூடாதது நடக்கும்போது வாசகருக்கு உறைக்கும். சலவை ஆலையின் வெக்கை, உருளையின் இரைச்சல், கூலி ஆட்களின் பேச்சு ஆகியவை சரியாக இருந்ததால்தான் மனிதரைத் தின்னும் இயந்திரத்தையும் வாசகர் நம்பினார்கள்.

1981-இல் வந்த ‘டான்ஸ் மக்காப்ர’ என்ற நூலில் கிங் பயத்தை மூன்று படிகளாகப் பிரிக்கிறார். மேல்படி, எதையும் கண்ணில் காட்டாமல் எதிர்பார்ப்பினாலேயே எழுப்பும் நடுக்கம். அடுத்தது, உருவத்தைக் காட்டி எழுப்பும் பீதி. கடைசிப் படி, குமட்டச் செய்யும் அருவருப்பு. முதலில் நடுங்க வைக்கத்தான் முயல்வதாகவும், அது முடியாவிட்டால் பீதிக்கும், அதுவும் முடியாவிட்டால் அருவருப்புக்கும் இறங்குவதாகவும் அவர் சொல்கிறார்.

வேலைமுறை எளிமையானது. முதல் பிரதியைக் கதவை மூடிக்கொண்டு யாருக்கும் காட்டாமல் எழுதி முடிக்க வேண்டும். பிறகு அதை ஆறு வாரமாவது இழுப்பறையில் போட்டுவைத்து, வேறு வேலை பார்த்துவிட்டு, புதுக்கண்ணோடு எடுத்துப் படிக்க வேண்டும். தேவையில்லாத பத்து சதவீதத்தைக் குறைக்க வேண்டும். எழுதத் தொடங்குகிறவர் வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு 1,000 சொல் எழுதினால் போதும் என்பது அவர் சொல்லும் அளவு. எழுதும் நேரத்தைப் போலவே படிக்கும் நேரமும் அவசியம். நிறையப் படிக்காதவருக்கு நன்றாக எழுதும் கருவிகள் கைவராது என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார்.

எழுதியதெல்லாம் விலைபோகவில்லை. கல்லூரி முதலாண்டிலேயே தொடங்கிய ‘தி லாங் வாக்’ நாவல் ஒரு போட்டியில் நிராகரிக்கப்பட்டது. அது ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரில் 1979-இல்தான் வெளிவந்தது. வேறு நாவல்களும் பதிப்பாளர்களிடம் போய்த் திரும்பின.

குப்பைக்கூடையிலிருந்து

பின்னாளில் புகழ்பெற்ற ‘கேரி’ நாவலும் டிரெய்லர் வீட்டில் ஒரு சிறுகதையாகத்தான் தொடங்கியது. அதற்குள் இரண்டு பழைய நினைவுகள் இருந்தன. ஒரு கோடை விடுமுறையில் ஒரு பள்ளியில் துப்புரவு வேலை செய்தபோது, மாணவிகளின் குளியலறைச் சுவரில் படிந்த துருவைத் தேய்க்கும் பணி வந்தது. அங்கே தொங்கிய திரைகளையும் சானிடரி நாப்கின் பெட்டிகளையும் அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். வளரும் பெண்களுக்கு மனவலிமையால் பொருட்களை நகர்த்தும் ஆற்றல் இருக்கக்கூடும் என்று எப்போதோ படித்த ஒரு பத்திரிகைக் கட்டுரை மற்றொன்று. இரண்டும் சேர்ந்தபோது, சக மாணவிகள் கேலி செய்து ஒதுக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த ஆற்றல் இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது.

மூன்று பக்கம் அடித்தபின், கதை தன் கைக்கு எட்டாது என்று கிங் அந்தத் தாள்களைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தார். பெண்களின் பள்ளி உலகம் தனக்குத் தெரியாது, பத்திரிகைகள் வாங்கும் அளவைவிடக் கதை நீளும் என்பவை அவர் சொன்ன காரணங்கள். மறுநாள் குப்பையைக் கொட்டப் போன டபிதா தாள்களை எடுத்து, சிகரெட் சாம்பலைத் தட்டி, சுருக்கம் நீக்கிப் படித்தார். கதையில் ஏதோ இருக்கிறது, மேலே என்ன ஆகிறது என்று தெரிய வேண்டும், பெண்களைப் பற்றித் தெரியாத இடங்களில் தான் உதவுவதாகச் சொன்னார். கிங் தன் பள்ளி நாட்களில் எல்லோராலும் ஒதுக்கப்பட்ட இரண்டு மாணவிகளை நினைவில் கொண்டுவந்து, கேரி என்ற பெண்ணை உருவாக்கினார். செய்தித்தாள் துணுக்குகள், விசாரணைக் குறிப்புகள் போன்ற கற்பனை ஆவணங்களை இடையிடையே சேர்த்து நாவலாக்கினார்.

1973-இன் தொடக்கத்தில் டபுள்டே பதிப்பகம் நாவலை ஏற்றுக்கொண்டது. பதிப்பாசிரியர் பில் தாம்சன் செய்தி சொல்ல வீட்டில் தொலைபேசி இல்லாததால் தந்தி கொடுத்தார். டபிதா பக்கத்து வீட்டுக்கு ஓடி, பள்ளிக்குப் போன் செய்து கணவருக்குப் படித்துக் காட்டினார். முன்பணம் 2,500 டாலர். இத்தகைய முன்பணம் எதிர்கால ராயல்டியில் கழித்துக்கொள்ளப்படுவது, தனி அன்பளிப்பு ஆகாது. கிங்கின் ஆசிரியர் சம்பளக் கணக்கில் ஐந்து மாதத்துக்கும் குறைவான தொகை அது. அதை நம்பி வேலையை விட முடியாது.

அமெரிக்கப் பதிப்புலகில் ஒரு நாவல் முதலில் கெட்டி அட்டையில் வரும். மலிவு விலையில் மெல்லிய அட்டைப் பதிப்பு போடும் உரிமையை இன்னொரு பதிப்பகம் தனியாக விலைக்கு வாங்கும். பெருந்தொகை அங்கேதான் கிடைக்கும். 1973 மே மாதம், அன்னையர் தினமான ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த உரிமை 400,000 டாலருக்கு விற்றுவிட்டதாகத் தாம்சன் போனில் சொன்னார். குடும்பம் அதற்குள் டிரெய்லரை விட்டுத் தொலைபேசி உள்ள வேறு வீட்டுக்கு மாறியிருந்தது. ஒப்பந்தப்படி அதில் பாதி கிங்குக்கு. 200,000 டாலர் என்பது அவருடைய 31 ஆண்டுச் சம்பளம். டபிதா அப்போது வீட்டில் இல்லை. அவருக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று கிங் தெருவில் இறங்கி நடந்தார். ஞாயிறு என்பதால் மருந்துக்கடை ஒன்றுதான் திறந்திருந்தது. அங்கிருந்து ஒரு ஹேர் டிரையர் வாங்கி வந்தார். திரும்பி வந்த டபிதா செய்தியைக் கேட்டு, தாங்கள் குடியிருந்த நான்கு சிறிய அறைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்து, அழுதார்.

அதன் பிறகு

அந்தக் கல்வியாண்டோடு கிங் பள்ளியை விட்டார். புற்றுநோயால் படுத்திருந்த தாய்க்கு அருகில் இருக்க, குடும்பம் மெய்னின் தென்பகுதிக்கு மாறியது. ‘கேரி’ அச்சுக்குப் போகும் முன்பே அதன் பிரதி தாய்க்கு வாசித்துக் காட்டப்பட்டது. புத்தகம் 1974 ஏப்ரலில் வெளிவந்தபோது அவர் இல்லை, 1973 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். கெட்டி அட்டைப் பதிப்பு சுமார் 13,000 பிரதிகள் விற்றது. மெல்லிய அட்டைப் பதிப்போ பத்து லட்சத்தைத் தாண்டியது. 1976-இல் பிரையன் டி பால்மா அதைத் திரைப்படமாக்கினார்.

அடுத்த நாவலுக்கும் பள்ளிதான் கரு தந்தது. வகுப்பில் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நடத்திய நாட்களில், டிராகுலா இன்றைய அமெரிக்காவுக்கு வந்தால் என்ன ஆகும் என்ற பேச்சு இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் எழுந்தது. நியூயார்க்குக்குப் போனால் வண்டியில் அடிபட்டுச் சாவார், மெய்ன் மாநிலச் சிற்றூர் ஒன்றுக்கு வந்தால் யாருக்கும் தெரியாமல் ஊரையே விழுங்குவார் என்று யோசனை வளர்ந்தது. அதுவே 1975-இல் வந்த ‘சேலம்ஸ் லாட்’.

தாயின் கடைசி மாதங்களில் அந்த நாவலின் பிரதியைக் கிங் எழுதிக்கொண்டிருந்தார். சம்பள வேலை இல்லை, பகல் முழுவதும் அவருடையது. ஆனாலும் எழுத உட்கார்ந்தது வாடகை வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் இருந்த ஒரு சின்ன அறையில்.